2025 உலக ஸ்நூக்கர் சாம்பியன்ஷிப், ஜாவோ - வில்லியம்ஸ் ஃபைனல்: ஜாவோ அவ்ளோ நல்லா ஆடினாரா, இல்ல வில்லியம்ஸ் களைச்சுப் போயிட்டாரா?

க்யூபால்_மதுரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சரைக்கு உக்காந்தவன், நாலு செஷனையும் ஒரு ஃப்ரேம் (மேட்சுக்குள்ள ஒரு தனி ஆட்டம்) விடாம பாத்து முடிச்சேன், கடைசி செஷன் நம்ம டைமுக்கு திங்கக்கிழமை ராத்திரி 11:30க்குத்தான் ஆரம்பம், மறுநாள் வேலைக்குப் போகணும்னு தெரிஞ்சும் எழுந்திரிக்க மனசு வரல. ஜாவோ ஷின்டோங் 18-12, மார்க் வில்லியம்ஸை. சீனாவுக்கு முதல் உலக சாம்பியன், ஆசியாவுக்கே முதல் ஆள்.

மேட்ச் முடிஞ்சதுல இருந்து எங்க க்ரூப்ல ஒரே சண்டை. பாதிப் பேரு சொல்றது, வில்லியம்ஸுக்கு 50 வயசு, க்வார்ட்டர்ல ஹிக்கின்ஸ் கூட 13-12ன்னு டிசைடர் வரைக்கும் இழுத்தாச்சு, செமில ஜட் ட்ரம்ப் கூட 17-14, அதுக்கப்புறம் ஃபைனலுக்கு வந்தப்ப உடம்புல தெம்பே இல்ல, இதுல ஜாவோ ஜெயிச்சதுல பெருசா என்ன இருக்குன்னு. ஜாவோ செமில ரானி ஓ'சல்லிவனை 17-7ன்னு ஒரு செஷன் மிச்சம் வச்சே முடிச்சுட்டாரு, ரெஸ்ட் கிடைச்சுது. கணக்குப் போட்டுப் பாத்தேன், ஃபைனலுக்கு முன்னாடி க்ரூசிபிள்ல (போட்டி நடக்கற ஷெஃபீல்ட் அரங்கம்) வில்லியம்ஸ் ஆடினது 97 ஃப்ரேம், ஜாவோ ஆடினது 79. பதினெட்டு ஃப்ரேம் வித்தியாசம்.

ஆனா முதல் செஷன் 7-1 போனப்ப நான் பாத்தது களைச்சுப் போன ஒரு ஆளை இல்லைன்னு தோணுச்சு. வில்லியம்ஸ் சேஃப்டி (எதிராளிக்கு அடிக்க வழி இல்லாம வைக்கற ஷாட்) எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, வெள்ளைப் பந்தைக் கொண்டு போயி வைக்க வேண்டிய இடத்துலதான் வச்சாரு. இருந்தும் ஜாவோ எழுந்திரிச்சு வந்து சிவப்புப் பந்தை, அதான் ரெட், உள்ள போட்டுட்டு போயிக்கிட்டே இருந்தாரு. இதை எப்படி எடுத்துக்கறது? ஒருத்தர் ஃபார்ம்ல இருக்காருன்னு சொல்றதும் எதிராளி ஃபார்ம்ல இல்லைன்னு சொல்றதும் எங்க பிரியுது? ரொம்ப வருஷமா பாக்கறவங்க, டேபிள் பக்கத்துல நின்னு பழகினவங்க சொல்லுங்க.

---

மார்க்கர்_அண்ணன் எழுதியது:

தம்பி நல்ல கேள்வி. நான் சென்னைல ஒரு க்ளப்ல இருபத்திரெண்டு வருஷம் மார்க்கரா (ஸ்கோர் போடறவன்) இருந்தவன், ஆட்டம் பாக்கறதுதான் என் தொழிலே. நீங்க கேட்டதுக்குப் பதில் உங்க கேள்வியிலயே இருக்கு, "வில்லியம்ஸ் சேஃப்டி நல்லாத்தான் இருந்துச்சு"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுதான் விஷயம்.

சேஃப்டின்னா என்ன? வெள்ளையை பால்க் குஷன்ல, அதாவது ஆட்டம் ஆரம்பிக்கற பக்கத்து ரப்பர் ஓரத்துல, ஒட்டி விடறது. டேபிள் நீளம் கிட்டத்தட்ட 12 அடி, வெள்ளை இந்தக் கடைசில, ரெட் எல்லாம் அந்தக் கடைசில. குஷன் ஓரத்துல வெள்ளை ஒட்டியிருந்தா க்யூவை கீழ கொண்டு போக முடியாது, பந்தோட தலைப்பக்கம் மட்டும்தான் தெரியும், கைய மரத்துல வச்சு நாலு விரல் நுனில ப்ரிட்ஜ் போட்டு அடிக்கணும். அங்க இருந்து பத்து அடி தள்ளி இருக்கற ரெட்டை பாக்கெட்ல போடறது நம்ம க்ளப் ஆளுங்களுக்கு லாட்டரி மாதிரி. ப்ரொஃபஷனல்கள்லயும் நெறைய பேரு அந்த ரெட்டைப் பாத்துட்டு வேண்டாம்னு திருப்பி சேஃப்டிதான் ஆடுவாங்க, ஏன்னா தப்பினா வெள்ளை ரெட் நடுவுல நிக்கும், அவ்ளோதான், ஃப்ரேம் போச்சு.

வில்லியம்ஸோட ஆட்டம் முழுக்க இந்தக் கணக்கு மேலதான் நிக்குது. எதிராளி அதை எடுக்க மாட்டான்ற நம்பிக்கை. முப்பது வருஷமா அந்த நம்பிக்கை பலிச்சிருக்கு. ஜாவோ அதை எடுக்கறாரு. எடுக்கறது மட்டுமில்ல, விழுந்ததுக்கப்புறம் வெள்ளை ப்ளாக் பக்கத்துலயோ பிங்க் பக்கத்துலயோ வந்து நிக்கற மாதிரி அடிக்கறாரு. ரெண்டு மூணு தடவை இப்படி நடந்துச்சுன்னா எதிர்ல உக்காந்திருக்கறவர் மனசுல என்ன ஆகும்? அடுத்த தடவை சேஃப்டி ஆடறப்ப வெள்ளை குஷன்ல ஒட்டினா மட்டும் போதாது, நேரா ஒரு ரெட்டும் தெரியக் கூடாதுன்னு நினைப்பாரு. அதுக்கு இன்னும் மெல்லிசா ரெட்டை உரசணும், ப்ரவுன் பின்னாடியோ பச்சை பின்னாடியோ ஒளிக்கணும். மெல்லிசா உரசப் போனா சில நேரம் ஆங்கிள் கூடிப் போயி வெள்ளை மிடில் பாக்கெட் பக்கத்துலயே நின்னுடும். இல்லாட்டி, சரி சேஃப்டியால பிரயோஜனம் இல்ல, நானே அடிச்சுப் பாத்துடறேன்னு சாதாரணமா எடுக்காத பந்தை எடுப்பாரு. அது தப்பும். டீவில பாக்கறவங்களுக்கு "வில்லியம்ஸ் நெறைய மிஸ் பண்றாரு, களைச்சுட்டாரு"ன்னு தெரியும். உண்மையில அந்த மிஸ்ஸை வர வச்சது ஜாவோவோட லாங் பாட், அதாவது தூரத்துல இருந்து பந்தை பாக்கெட்ல போடறது.

அதனால தம்பி, ரெண்டையும் தனித்தனியா பிரிக்க முடியாது. ஒருத்தரோட லாங் பாட் நல்லா இருந்தா இன்னொருத்தரோட சேஃப்டி கெட்டுப் போயிடும், அந்த சேஃப்டி எவ்ளோ நல்லா இருந்தாலும்.

---

க்ளாஸ்_ஆஃப்_92 எழுதியது:

அண்ணன் சொன்னதுல பாதி ஒத்துக்கறேன். நான் 2000ல இருந்து வில்லியம்ஸ் ரசிகன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதிடறேன், மன்னிக்கணும்.

முதல்ல ஒண்ணு சொல்றேன், வில்லியம்ஸ் களைச்சுப் போயி தோத்தாருன்னு சொல்றது அவருக்கே மரியாதை இல்ல. ரெண்டாவது செஷனைப் பாருங்க. 7-1ல இருந்து ராத்திரி 11-6க்கு வந்துச்சு, அதாவது அந்த செஷனை அவர் 5-4ன்னு ஜெயிச்சாரு. 50 வயசுல, க்ரூசிபிள் ஃபைனல் ஆடினவங்கள்லயே மூத்த ஆள் அவர்தான், அதுக்கு முன்னாடி 1982ல ரே ரியர்டன் 49 வயசுல ஆடினதுதான் ரெக்கார்டு. முழுசா மூச்சு வாங்கிப் போன ஆளால அந்த செஷனை ஜெயிச்சிருக்க முடியாது.

ரெண்டாவது, கண்ணு. அவருக்குப் பார்வைல பிரச்சனை இருக்குன்னு அவரே வெளிப்படையா சொல்லிட்டு இருந்தாரு. தூரத்துப் பந்தோட ஓரம் தெளிவா தெரியலைன்னா லாங் பாட் அடிக்கற ஆளுக்கு அது எவ்ளோ பெரிய கஷ்டம்னு ஆடறவங்களுக்குத் தெரியும். அப்படி இருந்தும் வூ யிசே, வஃபாயி, ஹிக்கின்ஸ், ட்ரம்ப்னு நாலு பேரைத் தாண்டி வந்தாரு. ட்ரம்ப் அந்த நேரம் உலக நம்பர் ஒன். அவரை 17-14ன்னு அடிச்சதைத்தான் நான் இந்த வருஷம் பாத்த பெரிய வெற்றின்னு சொல்வேன், ஃபைனலை விட.

அவரோட மூணு பட்டமும் எப்படி வந்துச்சு தெரியுமா? 2000ல மேத்யூ ஸ்டீவன்ஸ், 2003ல கென் டோஹர்ட்டி, 2018ல ஹிக்கின்ஸ், மூணுமே 18-16. 2000ல 13-7ன்னு பின்னாடி இருந்து வந்து ஜெயிச்சது. 2018ல இன்னும் மோசம், 17-15ல இருக்கறப்ப பிங்க்கைப் போட்டா கோப்பைன்ற நிலைமை, அந்தப் பிங்க்கை விட்டுட்டாரு, ஹிக்கின்ஸ் வந்து 65 அடிச்சு டேபிளை க்ளியர் பண்ணி 17-16. எனக்கு அன்னைக்கு கை காலெல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு. அடுத்த ஃப்ரேம்லயே வில்லியம்ஸ் 69 அடிச்சு முடிச்சாரு. அதுக்கு முந்தின வருஷம் 2017ல க்ரூசிபிளுக்கே தகுதி பெறல, ஆட்டத்தையே விட்டுடலாம்னு இருந்த ஆள் அவர். அதனாலதான் 17-8ல கூட எனக்கு நம்பிக்கை போகல. வரிசையா நாலு ஃப்ரேம் எடுத்து 17-12 ஆக்கினப்ப எழுந்து நின்னுட்டேன், வீட்டுல எல்லாரும் தூங்குறாங்க, வாயை மூடிக்கிட்டு நின்னேன்.

ஜாவோ நல்லா ஆடினாரா? ரொம்ப நல்லா ஆடினாரு. அதை வில்லியம்ஸே மேட்ச் முடிஞ்ச உடனே சொல்லிட்டாரு, ஸ்நூக்கருக்கு ஒரு புது சூப்பர்ஸ்டார் வந்தாச்சு, இவர் எல்லாத்தையும் ஜெயிக்கற காலத்துல எனக்கு வயசாகிப் போயிருக்கும், அது நல்லதாப் போச்சுன்ற மாதிரி. தோத்த அஞ்சு நிமிஷத்துல அப்படிப் பேசறதுக்கு மனசு வேணும்.

---

நேர்_ஆட்டம் எழுதியது:

யாருமே பேசாத ஒரு விஷயத்தை நான் பேசறேன். ஜாவோ 20 மாசம் தடைல இருந்தவர். 2023ல மேட்ச் ஃபிக்ஸிங் விவகாரத்துல பத்து சீன ஆட்டக்காரங்களுக்கு தண்டனை குடுத்தாங்க, அதுல ரெண்டு பேருக்கு ஆயுள் தடை. ஜாவோ தானா எந்த மேட்சையும் விட்டுக் கொடுக்கலதான், அதை ஒத்துக்கறேன். ஆனா இன்னொரு ஆட்டக்காரர் ரெண்டு மேட்சை ஃபிக்ஸ் பண்ணினதுல இவருக்குப் பங்கு இருந்துச்சு, இவரே ஸ்நூக்கர் மேட்ச்சுல பந்தயமும் கட்டியிருக்காரு. ரெண்டையும் ஒத்துக்கிட்டதால 30 மாசம் 20 ஆச்சு.

எனக்கு இது சின்ன விஷயம் இல்ல. ஸ்நூக்கர்ல நம்ம எல்லாரும் மதிக்கற ஒரு பழக்கம் இருக்கு, பந்துல சட்டைக் கை பட்டுச்சுன்னா ரெஃப்ரிக்குத் தெரியாட்டியும் ஆடறவரே ஃபவுல்னு சொல்லுவாரு. உலகத்துல எத்தனை விளையாட்டுல அப்படி இருக்கு? அந்த நாணயத்துக்காகத்தான் நான் இந்த ஆட்டத்தைப் பாக்கவே ஆரம்பிச்சேன். அந்த ஆட்டத்தோட பெரிய கோப்பையை தடை முடிஞ்ச எட்டே மாசத்துல ஒருத்தர் தூக்கறப்ப என்னால கை தட்ட முடியல. ஆட்டத் திறமையைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல.

---

ஷெஃபீல்ட்_பயணி எழுதியது:

நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது இங்கிலாந்தில. ஞாயிறு பகல் செஷனுக்கு க்ரூசிபிளுக்குப் போனனான். டிக்கெட் எடுக்கிறது லேசில்லை, போன வருசமே எடுத்து வச்சனான், ஆர் ஃபைனலுக்கு வருவினம் எண்டு ஒண்டும் தெரியாமத்தான்.

உள்ளுக்க போனா முதல்ல தெரியிறது அந்த இடம் எவ்வளவு சின்னன் எண்டது. ஆயிரம் பேர்கூட இருக்கேலாது. டீவியில பெரிய ஸ்டேடியம் மாதிரித் தெரியும். முன் வரிசையில இருக்கிற ஆள் காலை நீட்டினா ஆட்டக்காரற்ற கதிரையில முட்டும் போல இருக்கும். க்வார்ட்டர் முடியிற வரைக்கும் நடுவில தடுப்புப் போட்டு ரெண்டு மேசை, செமியில இருந்துதான் ஒரு மேசை. அந்த அமைதி இருக்கே, வெள்ளைப் பந்து துணியில உருள்ற சத்தம் கேக்கும். முன்னால இருந்த ஒரு வயசான ஐயா இருமல் வந்தப்ப சால்வையால வாயைப் பொத்திக்கொண்டு முகமெல்லாம் சிவந்து போனார், அவ்வளவு அடக்கம்.

மார்க்கர் அண்ணன் எழுதினதை நான் நேரில பாத்தனான். வில்லியம்ஸ் சேஃப்டி அடிச்சுப் போட்டு நடந்து வந்து கதிரையில இருக்கிறதுக்குள்ள ஜாவோ மேசைக்கு வந்திடுவார். யோசிச்சுக்கொண்டு நிக்கிறேல்லை. குனிஞ்சார், க்யூ ரெண்டு மூண்டு தரம் முன்னுக்கும் பின்னுக்கும் போகும், அடி. ரெட் பாக்கெட்டின்ர ஓரத்திலகூட முட்டாம விழும். நாலாவது அஞ்சாவது ஃப்ரேம் போகேக்க சனம் மூச்சு விடுற சத்தம் மட்டும்தான். ரெண்டு பேரும் இடக்கைக்காரர், அதால ஒரே மாதிரியான ஷாட்டை ரெண்டு பேரும் எப்படி ஆடுகினம் எண்டு ஒப்பிட்டுப் பாக்கக்கூடியதா இருந்தது. வில்லியம்ஸ் பந்தைத் தடவி விடுவார், ஜாவோ பந்தை அனுப்புவார், அப்பிடித்தான் எனக்குச் சொல்லத் தெரியுது.

நேர் ஆட்டம் சொன்னதுக்கும் ஒரு வார்த்தை. உங்கட கோபம் எனக்கு விளங்குது. ஆனா அவர் தண்டனையைக் குறுக்கால போய்த் தப்பேல்லை. முழுசா இருந்து முடிச்சவர். திரும்பி வந்தப்ப ப்ரொஃபஷனல் கார்டும் இல்லை, அமெச்சூரா க்யூ டூர் எண்ட கீழ்மட்டப் போட்டிகளில இருந்து தொடங்கினவர். திரும்பி வந்த முதல் போட்டி பல்கேரியாவில சோஃபியாவில, அங்கயே 147 (ஒரே தரத்தில எடுக்கக்கூடிய ஆகக்கூடின புள்ளி) அடிச்சவர். அமெச்சூர் ஒருத்தர் க்ரூசிபிளில கோப்பை எடுத்தது இதுதான் முதல் தரம். எனக்கு 2016ல டிங் ஜுன்ஹூய் செல்பியிட்ட 18-14 எண்டு தோத்தது இண்டைக்கும் நோகுது, அதுக்கும் முன்னால 1993லயும் 97லயும் தாய்லாந்தின் ஜேம்ஸ் வட்டானா செமியோட நிண்டது. அவையளை எல்லாம் நினைச்சுத்தான் நான் எழும்பி நிண்டு கை தட்டினனான்.

---

நேர்_ஆட்டம் எழுதியது:

ஷெஃபீல்ட் பயணி, நீங்க எழுதின விதம் நல்லா இருக்கு, மறுக்கல. தண்டனையை முடிச்சவர் திரும்பி ஆடக் கூடாதுன்னு நான் சொல்லல, ஆடலாம். கை தட்டறது வேற, அனுமதிக்கறது வேற. டிங்குக்காக நான் இன்னைக்கும் கை தட்டுவேன். இதுல நான் மாறப் போறதில்ல, ஆனா இனிமே இந்த இழைல அதை எழுதி ஆட்டத்தைப் பத்தின பேச்சைக் கெடுக்கவும் மாட்டேன்.

---

பச்சைத்_துணி எழுதியது:

க்யூபால் மதுரை, உங்க 97-79 கணக்குல ஒரு பெரிய ஓட்டை இருக்கு. வில்லியம்ஸ் டாப் 16ல இருக்கறதால நேரா க்ரூசிபிளுக்கு வந்தாரு. ஜாவோ குவாலிஃபையர்ல (தகுதிச் சுற்றுல) நாலு மேட்ச் ஆடி வந்தவர், ஒவ்வொண்ணும் 19 ஃப்ரேம் மேட்ச், பத்து ஜெயிச்சாத்தான் அடுத்தது. கடைசி குவாலிஃபையர்ல எலியட் ஸ்லெசர் கூட 10-8, அதுல தோத்திருந்தா இந்தக் கதையே கிடையாது. நாலு பத்து நாப்பது, அப்புறம் 10, 13, 13, 17, 18. மொத்தம் 111 ஃப்ரேம் ஜெயிக்க வேண்டியிருந்துச்சு கோப்பையைத் தொடறதுக்கு, தோத்த ஃப்ரேம் தனி. ரெஸ்ட் எடுத்துட்டு வந்தாருன்னு சொன்னா நான் ஒத்துக்கவே மாட்டேன். குவாலிஃபையர்ல இருந்து வந்து ஜெயிச்சவங்க இதுக்கு முன்னாடி ரெண்டே பேரு, 1979ல டெர்ரி க்ரிஃபித்ஸ், 2005ல ஷான் மர்ஃபி.

ஃபார்ம்னு கேட்டீங்கன்னா நான் ஃபைனலை விட செமியைத்தான் காட்டுவேன். ரானி கூட முதல் செஷன் 4-4. ரெண்டாவது செஷன் எட்டுக்கு எட்டு ஜாவோ. 12-4. ரானி ஜனவரில க்யூவை உடைச்சுட்டு மாஸ்டர்ஸ்ல இருந்து விலகினவர், அதுக்கப்புறம் போட்டியே ஆடாம நேரா க்ரூசிபிளுக்கு வந்தவர், அதனால அவரும் முழு ஃபார்ம்ல இல்லதான். ஆனா கார்ட்டர், பாங் ஜுன்ஷு, சி ஜியாஹுய்னு மூணு பேரை அடிச்சு வந்த ஏழு தடவை சாம்பியன் அவரு, அவருகிட்ட ஒரு செஷன் முழுசா எடுக்கறதுன்னா சும்மா இல்ல.

இன்னொண்ணு, ஃபைனலுக்கு முன்னாடி க்ரூசிபிள்ல ஜாவோவுக்கு கஷ்டம் குடுத்த ஒரே மேட்ச் ரெண்டாவது ரவுண்டுல லெய் பெய்ஃபான் கூட, 13-10. லெய் பெய்ஃபான் யாரு? போன வருஷ சாம்பியன் கைரன் வில்சனை முதல் ரவுண்டுலயே 10-9ன்னு வீட்டுக்கு அனுப்பினவர். இந்த வருஷம் மெயின் ட்ராவுல சீனாக்காரங்க மட்டும் பத்து பேரு. அந்தப் பக்கம் எவ்ளோ பேரு வரிசைல நிக்கறாங்கன்னு யோசிச்சுக்கோங்க.

---

க்யூபால்_மதுரை எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ வரும்னு எதிர்பாக்கல. 111 ஃப்ரேம் விஷயம் எனக்குத் தோணவே இல்ல, க்ரூப்ல போட்டுட்டேன், களைப்புன்னு பேசினவங்க ரெண்டு பேரு அமைதியாயிட்டாங்க.

இன்னும் ஒரு சந்தேகம். மூணாவது செஷனை ஜாவோ 6-2ன்னு எடுத்து 17-8 ஆக்கிட்டாரு. ஒரே ஒரு ஃப்ரேம். அதுக்கப்புறம் வரிசையா நாலு ஃப்ரேம் எப்படிப் போச்சு? மார்க்கர் அண்ணன் சொன்ன மாதிரி லாங் பாட்தான் எல்லாத்துக்கும் காரணம்னா அந்த லாங் பாட் ராத்திரில எங்க போச்சு? வில்லியம்ஸ் எதையோ மாத்தினாரா?

---

மார்க்கர்_அண்ணன் எழுதியது:

தம்பி, அங்க மாறினது ரெண்டு பேரோட மனசும். வில்லியம்ஸுக்கு இழக்க ஒண்ணும் இல்ல, அப்படிப்பட்ட நேரத்துல அவர் கை எப்பவும் லேசாயிடும், க்ளாஸ் ஆஃப் 92 தம்பி சொல்ற பழைய ஃபைனல்கள்லயும் அதைத்தான் பாத்திருக்கேன். ஜாவோ பக்கம் நேர் எதிர். சாயங்காலம் செஷன் முடிஞ்சு ராத்திரி செஷனுக்கு நடுவுல கொஞ்ச மணி நேரம் இருக்கு, அந்த நேரத்துல ஒரு மனுஷன் என்னத்தை நினைப்பான்? இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணுன்னுதான் நினைப்பான். நாடே பாத்துட்டு இருக்கு, இதுவரைக்கும் ஒரு சீனாக்காரன் தொடாத கோப்பை.

நான் எங்க க்ளப்ல இதை நூறு தடவை பாத்திருக்கேன். ஸ்டேட் லெவல் ஆடற ஒரு பையன் இருந்தான், ப்ராக்டிஸ்ல சென்சுரி சர்வ சாதாரணமா அடிப்பான். ஒரு செமில ஒரு ஃப்ரேம் ஜெயிச்சா ஃபைனல்ன்ற நிலைமை. அன்னைக்கு நான்தான் ஸ்கோர் போர்டுல நின்னேன். அவன் க்யூ நுனிக்குச் சாக் (நீலப் பொடிக்கட்டி) போடறதைப் பாத்தேன். எப்பவும் டிப்புல ரெண்டு தேய்ப்புத் தேய்ச்சுட்டு சாக்கை பாக்கெட்ல போடுவான். அன்னைக்கு தேய்ச்சுக்கிட்டே நிக்கறான், நீலப் பொடி கட்டைவிரல் நகத்துக்குள்ள ஏறிடுச்சு, ஷூ மேல கொட்டுது, அவனுக்குத் தெரியல. அப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு. குனிஞ்சதும் க்யூவைப் பின்னாடி இழுக்கற தூரம் வழக்கத்துல பாதிதான். கை இறுகிடுச்சுன்னா பின்னிழுப்பு குறையும், குறைஞ்சதும் பந்தைத் தள்ளத் தோணும், தள்ளினா லாங் ரெட் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு விலகிப் போகும். தலையும் சீக்கிரம் தூக்கிடுவோம், விழுந்துச்சான்னு பாக்க. அந்தப் பையன் அந்த செமியைத் தோத்தான்.

ஜாவோவுக்கும் அந்த இறுக்கம் வந்திருக்கும், வராம இருக்குமா. ஆனா அவர் செஞ்ச பெரிய வேலை என்னன்னா, நாலு ஃப்ரேம் போனதுக்கப்புறமும் ஆட்டத்தை மாத்தல. பயந்து போயி சேஃப்டிக்குள்ள ஒளிஞ்சிருந்தா வில்லியம்ஸ் அவரைத் தின்னிருப்பாரு, அங்க வில்லியம்ஸை ஜெயிக்க ஆளே கிடையாது. அடிச்சு ஆடறவர் அடிச்சு ஆடித்தான் முடிச்சாரு. என்னைக் கேட்டா அந்த 7-1 செஷனை விட 17-12க்கு அப்புறம் ஆடின அந்த ஒரு ஃப்ரேம்தான் அவர் ஃபார்முக்கு சாட்சி.

---

நீலமலை_க்யூ எழுதியது:

இங்க எல்லாரும் சீனா, ஷெஃபீல்டுன்னு பேசறீங்க, நான் ஊட்டிக்காரன், ஒண்ணு சொல்லாம போக முடியாது. 1875ல ஜபல்பூர்ல நெவில் சேம்பர்லின்னு ஒரு ராணுவ அதிகாரி இந்த ஆட்டத்தைக் கண்டுபிடிச்சாருன்னு சொல்வாங்க, ஆனா அதோட விதிகளை எழுதி மாட்டினது 1882ல எங்க ஊட்டி க்ளப்போட பில்லியர்ட்ஸ் ரூம்ல. மெம்பரா இல்லாதவங்க சும்மா உள்ள போயிட முடியாது, நான் அந்தக் கட்டடத்தை வெளிய இருந்து பாத்ததுதான் நெறைய. மழை பெய்யற நாள்ல அந்தப் பக்கம் நடந்து போறப்ப இந்த ஆட்டம் இந்த மண்ணுல இருந்து போச்சேன்னு தோணும். நம்ம நாட்டுல இருந்து ரேங்கிங் ஃபைனல் வரைக்கும் போன முதல் ஆள் ஆதித்யா மேத்தா, 2013ல டெல்லில இந்தியன் ஓபன், டிங் கிட்ட தோத்தாரு. பங்கஜ் அத்வானி அமெச்சூர்ல உலகப் பட்டங்களா அடுக்கி வச்சிருக்காரு. க்ரூசிபிள் மட்டும் இன்னும் எட்டல.

சீனா என்ன செஞ்சுதுன்னு பாருங்க, 2005ல டிங் பெய்ஜிங்ல சைனா ஓபன் ஜெயிச்சப்ப அவருக்கு 18 வயசு. அதைப் பாத்து வளர்ந்த பசங்கதான் இப்ப பத்து பேரா வந்து நிக்கறாங்க. அங்க ஊருக்கு ஊரு டேபிள். இங்க நல்ல டேபிள் இருக்கற இடம் க்ளப் மெம்பர்ஷிப் கதவுக்குப் பின்னாடி. ஜாவோவைப் பாத்தப்ப சந்தோஷமும் இருந்துச்சு, வயித்துல ஒரு எரிச்சலும் இருந்துச்சு.

அடுத்த வருஷத்துக்கு ஒரு கேள்வி வச்சுட்டுப் போறேன். க்ரூசிபிள்ல முதல் தடவை பட்டம் ஜெயிச்ச யாருமே மறு வருஷம் அதைத் தக்க வச்சதில்ல. 1977ல இருந்து ஒருத்தர்கூட இல்ல. 1987ல ஜோ ஜான்சனும் 1998ல டோஹர்ட்டியும் ஃபைனல் வரைக்கும் வந்து தோத்தாங்க, அதுதான் அதிகபட்சம். ஜாவோ உடைப்பாரா?

---

க்ளாஸ்_ஆஃப்_92 எழுதியது:

உடைக்கற திறமை இருக்கு. ஆனா இந்த வருஷம் அவரை யாரும் துரத்தல, அடுத்த வருஷம் எல்லாரும் அவரோட லாங் பாட்டை மனசுல வச்சுத்தான் வருவாங்க. முதல் ரவுண்டு 19 ஃப்ரேம்தான், ஒரு குவாலிஃபையர் கை சூடா வந்தா போதும், கைரன் வில்சனைக் கேளுங்க. எனக்கு வில்லியம்ஸ் 51 வயசுல இன்னொரு தடவை அங்க நடந்து வந்தா போதும்.

---

மார்க்கர்_அண்ணன் எழுதியது:

க்யூபால் தம்பி, க்ரூப்ல சண்டை போடறதை விட ஒண்ணு பண்ணுங்க. பக்கத்துல டேபிள் இருந்தா வெள்ளையை பால்க் குஷன்ல நல்லா ஒட்டி வைங்க, ஒரு ரெட்டை பிங்க் ஸ்பாட்டுக்குப் பக்கத்துல, பாக்கெட்டுக்கு லேசான ஆங்கிள்ல வைங்க. இருபது தடவை அடிங்க. எத்தனை விழுதுன்னு மட்டும் எண்ணாதீங்க, விழுந்தப்ப வெள்ளை எங்க நின்னுச்சுன்னும் குறிச்சுக்கோங்க.

---

க்யூபால்_மதுரை எழுதியது:

அண்ணே, இன்னைக்குப் போயிட்டு வந்தேன். நான் வழக்கமா ஆடற பார்லர்தான், மத்தியானம் கூட்டம் இல்ல. இருபதுல மூணு விழுந்துச்சு. குஷன் மரம் கை மணிக்கட்டுல இடிக்குது, க்யூ பின்பக்கத்தைத் தூக்கினாத்தான் பந்தைத் தொடவே முடியுது, தூக்கினா வெள்ளை கோணலா போகுது. விழுந்த மூணுல ரெண்டு தடவை வெள்ளை திரும்பி பால்க்குக்கே வந்துடுச்சு, கலர் எதுவும் கிடைக்கல. ஒரே ஒரு தடவை, பதினாலாவது அடில, ப்ளாக் பக்கம் வந்து நின்னுச்சு. பக்கத்து டேபிள்ல ஆடிட்டு இருந்த காலேஜ் பசங்க நாலு பேரும் தங்களோட ஆட்டத்தை விட்டுட்டு வந்து அவங்களும் வரிசையா அடிச்சுப் பாத்தாங்க, சாயங்காலம் வரைக்கும் அந்த ஒரே ஷாட்தான்.